நான்காம் நிலையிலிருந்து ஒரு ப்ரீ கிக்

நேயர்களுக்கு வணக்கம். கால்பந்து என்றதும் கோடிகளில் விலைபோகும் நட்சத்திரங்கள்தான் நினைவுக்கு வருவார்கள். எனக்கு நெடுநாளாகவே ஜெர்மனியின் கீழ்நிலை லீக்குகள் மீதுதான் கண். அங்கே ஆடிய டோர்ஸ்டென் மட்டுஷ்கா என்ற நடுக்கள ஆட்டக்காரரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

1980-இல் கிழக்கு ஜெர்மனியின் காட்புஸ் நகரில் பிறந்தவர். இருபது வயதைக் கடந்த பிறகும் ஊர்ப்புற அணி ஒன்றில்தான் ஆடிக்கொண்டிருந்தார். பிறகு எனர்ஜி காட்புஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. ஜெர்மன் லீக்குகள் படிபடியாக அடுக்கியவை; நன்றாக ஆடும் அணி ஒரு நிலை மேலே ஏறும், சறுக்கும் அணி கீழே இறங்கும். முதல் நிலையான புண்டஸ்லீகாவில் அவருக்கு ஒருசில ஆட்டங்கள் கிடைத்தன, அவ்வளவுதான். வேகமான ஓட்டக்காரர் இல்லை; தொப்பைக்குப் பேர்போனவர்கூட. ஆனால் நின்றிருக்கும் பந்தை அவரிடம் கொடுத்துவிட்டால் எதிரணிக் கோல்கீப்பருக்கு வேலை வந்துவிடும்.

2005-இல் அவர் சேர்ந்த யூனியன் பெர்லின் அப்போது நான்காம் நிலையில் கிடந்தது. நான்காம் நிலை! இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் சொல்வேன். அடுத்த ஆண்டே மூன்றாம் நிலை. 2009-இல் இரண்டாம் நிலை. கிளப் படியேறிக்கொண்டே இருந்தது, நடுக்களத்தில் அதே ஆள்.

இடையில் ஒன்று சொல்லியாக வேண்டும். மைதானத்தைப் புதுப்பிக்கக் கிளப்பிடம் போதிய பணம் இல்லை. ரசிகர்களே மண்வெட்டி பிடித்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூலி வாங்காமல் சுமார் 1,40,000 மணி நேரம் உழைத்தார்கள். ஊர்கூடித் தேர் இழுப்பது என்போமே, அதேதான். இந்தக் கதையைத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது; விடுகிறேன்.

2011 பிப்ரவரி 5. பெர்லினின் பெரிய கிளப்பான ஹெர்த்தா அந்தப் பருவத்தில் இரண்டாம் நிலைக்கு இறங்கியிருந்தது. அதனுடன் யூனியனுக்கு ஆட்டம். 1936 ஒலிம்பிக்ஸ் நடந்த மைதானம், எழுபத்து நான்காயிரம் பேர். முதல் கோல் ஹெர்த்தாவுக்கு. யூனியன் சமன் செய்கிறது. 71-ஆம் நிமிடம், கோலுக்குச் சற்றுத் தொலைவில் யூனியனுக்கு ப்ரீ கிக், அதாவது எதிரணியின் தவறுக்காக நின்ற பந்தை உதைக்கும் வாய்ப்பு. யார் அடிப்பார் என்று மைதானத்தில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். மட்டுஷ்கா அடித்தார். கோல்கீப்பர் தடுத்திருக்கக்கூடிய பந்துதான், தடுக்கவில்லை. 2–1, யூனியனுக்கு வெற்றி. ஐந்து ஆண்டுகளுக்கு முன் நான்காம் நிலையில் கிடந்த அணி! அந்தப் பருவத்தின் முடிவில் ஹெர்த்தா முதலிடம் பிடித்து மேலே போய்விட்டது என்பது வேறு விஷயம். யூனியன் ரசிகரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், காதில் வாங்கவே மாட்டார்.

மேல்நிலைக் கிளப்புகளில் ஆட்டக்காரர்கள் இரண்டு பருவம் ஆடிவிட்டுப் பெட்டி கட்டுகிறார்கள். இவர் ஒரே சட்டையில் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். ஊர் மக்கள் தங்கள் வீட்டுப் பிள்ளை போல ஒருவரைக் கொண்டாட அந்த அளவுக்காவது காலம் வேண்டாமா? கீழ்நிலை லீக்குகள் மீது எனக்கிருக்கும் பித்துக்கு இதுதான் காரணம்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். மீதியை ஓட்டமாகச் சொல்கிறேன். 2014-இல் புதிய பயிற்சியாளர் வந்தார். மட்டுஷ்காவின் அணித் தலைமை பறிபோனது. மூன்றாம் நிலையில் இருந்த காட்புஸுக்கே திரும்பினார். பிறகு பெர்லினின் ஆல்ட்கிளீனிக்கே என்ற சிறு கிளப். 2017-இல் அதுவும் ஐந்தாம் நிலையிலிருந்து நான்காவதுக்கு ஏறியது. யூனியன் 2019-இல் புண்டஸ்லீகாவுக்குள் நுழைந்தபோது அவர் அந்த அணியில் இல்லை. அதைப் பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்து வந்தேன்; நேரமில்லை. நன்றி, வணக்கம்.