பழியும் பழிச்சும்

நேயர்களுக்கு வணக்கம். 'பழி' என்ற சொல்லின் பொருளைப் பக்கத்தில் நிற்கும் வினைதான் முடிவுசெய்கிறது. பழி சொன்னால் நிந்தனை, சுமத்தினால் குற்றச்சாட்டு. வாங்கினாலோ வஞ்சம் தீர்ப்பது.

குறளில் இதனோடு வரும் வினைகளைப் பாருங்கள். 'பழியஞ்சி' என்கிறது 44ஆம் குறள். 'பழிநாணுவார்' என்கிறது 433. அங்கே பழி என்பது உலகம் நம்மைப் பற்றிச் சொல்லும் சொல். 657ஆம் குறளின் 'பழிமலைந்து எய்திய ஆக்கம்' இன்னும் கூர்மையானது. மலைதல் என்றால் சூடுதல். பழியைப் பூவாகச் சூடிக்கொண்டு சேர்த்த செல்வமாம்! புறநானூற்று 182ஆம் பாட்டில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பழியைப் புகழுக்கு எதிரே நிறுத்துகிறார்: 'புகழெனின் உயிரும் கொடுக்குவர், பழியெனின் உலகுடன் பெறினும் கொள்ளலர்.'

இனி, பலர் தடுக்கி விழும் இடம். 'பரவும் பழிச்சும் வழுத்தின் பொருள' என்பது தொல்காப்பிய உரியியல் நூற்பா. வழுத்துதல் என்றால் வாழ்த்துதல், போற்றுதல். ஆகவே 'பழிச்சு' என்பது புகழ்ச்சிச் சொல்! பழிப்பதற்கு நேர் எதிர். இன்றைய பேச்சில் 'படித்து' என்பது 'படிச்சு' ஆவதுபோல் 'பழித்து' என்பதும் 'பழிச்சு' ஆகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் பழம்பாட்டைப் படித்தால், கடவுளைப் போற்றும் வரி ஏசும் வரியாகிவிடும். பிரித்தறிய இறந்தகால வடிவம் போதும். பழித்தான், பழித்து என்றால் நிந்தை. பழிச்சினான், பழிச்சி என்றால் போற்றுதல்.

நிந்தையை மறைத்துச் சொல்வதற்கும் தொல்காப்பியம் பெயர் வைத்திருக்கிறது. குறைசொல்லும் பாட்டுக்கு அங்கதம் என்று பெயர். வெளிப்படையாகச் சொன்னால் செம்பொருள் அங்கதம், அதுவே வசை. சொல்லை மறைத்தால் பழிகரப்பு. இந்த இரண்டாவதுதான் கடினமான கலை என்பேன். புறநானூறு 95ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மன்னன் தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்த்து, அவனுக்குப் பகைவனான அதியமானின் புலவர் ஔவையார் பாடியது. இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவலுள்ள அகன்ற மாளிகையில் இருக்கின்றன; அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்கிறார். 'உன் படை போரே காணாதது' என்ற பழி பாட்டில் எந்தச் சொல்லிலும் இல்லை. நெய்ப் பூச்சின் பளபளப்பிலேயே அது இருக்கிறது.