அந்த ஒரு நாளின் ஆட்டக்காரர்கள்

அவையில் கூடியிருக்கும் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பெலே, மரடோனா, மெஸ்ஸி என்று பெயரைச் சொன்னாலே அவை நிமிர்ந்து உட்காரும். இன்று நான் பேச எடுத்துக்கொண்டவர்களின் பெயரைச் சொன்னால், யார் அவர் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்பீர்கள். பல ஆண்டுகள் ஆடியும் பெரிய பெயர் எடுக்காதவர்கள். ஒரே ஒரு நாள் எவரும் எதிர்பாராத ஆட்டம் ஆடிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனவர்கள். அவர்கள் மேல் எனக்குத் தீராத பிரியம் உண்டு. அது ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1999 மே 8. இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் உள்ள கார்லைல். அந்த ஊரின் அணி 1928 முதல் இங்கிலாந்தின் தொழில்முறைப் போட்டியான ஃபுட்பால் லீகில் இருந்து வந்தது. அன்று பருவத்தின் கடைசி ஆட்டம். கடைசி இடத்தில் முடிக்கும் அணி லீகை விட்டே வெளியேற வேண்டும். பிளிமத் அணியை வென்றால்தான் கார்லைலுக்கு லீகில் இடம் நிற்கும்; இல்லையேல் ஸ்கார்பரோ தப்பித்துவிடும். ஸ்கோர் 1-1. தொண்ணூறு நிமிடம் முடிந்து, நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரமும் தீரப்போகிறது. வேறோர் ஊரில் ஸ்கார்பரோ அணியின் ஆட்டம் முடிந்துவிட்டது. தப்பித்துவிட்டோம் என்று நினைத்து அதன் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி ஆடிப்பாடிக் கொண்டிருக்கிறார்கள். இங்கே கார்லைலுக்கு ஒரு கார்னர் கிக் கிடைக்கிறது. கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ் தன் கம்பங்களை விட்டுவிட்டு, மைதானத்தின் முழு நீளத்தையும் கடந்து ஓடி வருகிறார்.

அவர் அந்த அணியின் சொந்த ஆள்கூட இல்லை. ஸ்விண்டன் கிளப்பில் இடம் கிடைக்காமல் இருந்தவரை, கோல்கீப்பர் இல்லாத நெருக்கடியில் கார்லைல் இரவல் வாங்கியிருந்தது. அன்று அந்தச் சட்டையில் அவருக்கு மூன்றாவது ஆட்டம். அதுவே கடைசி ஆட்டமும். பந்து உயர்ந்து வருகிறது. ஸ்காட் டோபி தலையால் முட்டுகிறார். எதிரணி கோல்கீப்பர் தடுக்கிறார். தடுத்த பந்து நேராகக் கிளாஸின் காலுக்கு வருகிறது. ஓர் உதை. வலை அதிர்கிறது.

கார்லைல் பிழைத்தது. ஸ்கார்பரோ வெளியேறியது. அந்த அணி ஃபுட்பால் லீகுக்குத் திரும்பவே இல்லை. 2007-இல் கிளப்பே கலைக்கப்பட்டது. அந்தக் கோலை நினைக்கும்போதெல்லாம் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த அந்த ரசிகர்களும் என் நினைவுக்கு வருகிறார்கள். கிளாஸுக்கு அடுத்த சில ஆண்டுகளிலேயே கால்பந்து வாழ்க்கை முடிந்துபோனது. பிற்பாடு அவர் டாக்ஸி ஓட்டினார்.

இதைக் கேட்டதும் பலர், காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பந்து அவரிடம் வந்தது தற்செயல்தான், ஒப்புக்கொள்கிறேன். நூறு மீட்டர் ஓடிவந்து அந்த இடத்தில் நின்றது தற்செயலா? ஒரு பருவத்தின் முழுப் பாரமும் காலில் ஏறியிருந்த நொடியில், பந்தை வானத்துக்கு உதைத்துவிடாமல் தாழ்வாக, சுத்தமாக அடித்தது தற்செயலா? உலகப் புகழ் பெற்ற முன்கள வீரர்கள் அதே தூரத்திலிருந்து பந்தைக் கம்பத்துக்கு மேலே அனுப்பியதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

சராசரி ஆட்டக்காரர் என்று கூசாமல் சொல்லிவிடுகிறோம். யாரோடு ஒப்பிட்டுச் சொல்கிறோம்? சம்பளத்துக்குப் பந்தாடும் ஒருவர், சிறு வயதில் தன் பள்ளியில் முதல் ஆளாக இருந்திருப்பார். பிறகு தன் வட்டாரத்திலும் முதல் ஆளாக இருந்திருப்பார். ஆயிரக்கணக்கான சிறுவர்கள் கழிந்துபோன சல்லடையில் தங்கியவர் அவர். அந்த உச்சியில் ஏறிய பிறகு, தன்னைவிட ஒரு விரற்கடை உயர்ந்தவர்கள் நடுவில் நிற்பதால் குள்ளமாகத் தெரிகிறார். பெரிய வீரர் செய்யும் எதையும் அவராலும் செய்ய முடியும். பெரிய வீரர் அதை வாரந்தோறும் செய்வார். இவருக்கு அது எப்போதாவதுதான் கைகூடும். வேறுபாடு மொத்தமும் அந்த 'எப்போதாவது' என்ற சொல்லுக்குள் இருக்கிறது.

கால்பந்தின் இயல்பும் இவர்களுக்குத் துணை நிற்கிறது. கூடைப்பந்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் நூறு புள்ளி எடுத்துவிடும். ஒருவரின் ஒரு நல்ல நொடி அந்த வெள்ளத்தில் கரைந்துபோகும். கால்பந்தில் தொண்ணூறு நிமிடத்துக்கு இரண்டு கோல், மூன்று கோல், பல நாள் ஒன்றுமே இல்லை. கோல் அவ்வளவு அரிது என்பதால், யாரோ ஒருவரின் ஒரே உதை ஓர் ஊரின் வரலாற்றைத் திருப்பிவிடுகிறது.

இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 1936 ஏப்ரல் 13 அன்று லூட்டன் அணியில் முன்களத்துக்கு ஆள் இல்லை. ஜோ பெய்ன் என்ற மாற்று அணி வீரரை, நடுக்களத்தில் ஆடிப் பழகியவரை, வேறு வழியின்றி நடுமுன்களத்தில் நிறுத்தினார்கள். பிரிஸ்டல் ரோவர்ஸுக்கு எதிராக 12-0. அதில் பெய்ன் அடித்தது மட்டும் 10. ஃபுட்பால் லீகில் அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. அதோடு அவர் அடங்கியிருந்தால் என் பட்டியலில் சேர்ந்திருப்பார். அடுத்த பருவத்தில் அவர் லீகில் 55 கோல் அடித்தார், இங்கிலாந்துக்கும் ஆடினார். அந்த நாள் அவருக்குத் தற்காலிக ஒளி தரவில்லை. அவரை அத்தனை காலம் தவறான இடத்தில் நிறுத்தியிருந்தார்கள் என்று காட்டிக்கொடுத்தது. யாரும் வேறு இடத்தில் நிறுத்திப் பார்க்காமலே ஓய்வு பெற்றுப்போன பெய்ன்கள் எத்தனை பேரோ!

இனி, என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானவருக்கு வருகிறேன். ஹெல்முட் டக்கடாம்.

1986 மே 7. ஐரோப்பாவின் கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம், ஸ்பெயினின் செவில் நகரத்தில். ஒரு பக்கம் பார்சிலோனா. மறுபக்கம் ருமேனியாவின் ஸ்டெயுவா புக்கரெஸ்ட். ஆட்டம் ஸ்பெயினிலேயே நடப்பதால் அரங்கம் ஏறக்குறைய முழுவதும் பார்சிலோனா ரசிகர்கள். ஸ்டெயுவாவின் கோல்கீப்பர் டக்கடாமுக்கு வயது 27. தன் நாட்டு அணிக்கு இரண்டே ஆட்டம் ஆடியவர். ருமேனியாவுக்கு வெளியே அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. கூடுதல் நேரம் முடிந்தும் 0-0. பெனால்டி.

அணிக்கு ஐந்து உதை. ஸ்டெயுவாவின் முதல் உதை தடுக்கப்பட்டது. பார்சிலோனாவின் தலைவர் அலெசாங்கோ வந்தார். டக்கடாம் தன் வலப்பக்கம் பாய்ந்து தடுத்தார். ஸ்டெயுவாவின் இரண்டாவது உதையும் வீண். பெட்ராசா வந்தார். டக்கடாம் மறுபடியும் வலப்பக்கம் பாய்ந்தார்; தடுத்தார். ஸ்டெயுவாவின் மூன்றாவது உதை, லகடூஷ் அடித்தது, உள்ளே போனது. பிச்சி அலோன்சோ வந்தார். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். இரண்டு முறை வலப்பக்கம் பாய்ந்த கோல்கீப்பர் மூன்றாம் முறையும் அதே பக்கம் பாய மாட்டார் என்றுதானே உதைப்பவர் நினைப்பார்? அப்படி அவர் நினைப்பார் என்று கோல்கீப்பரும் கணக்குப் போடுவார் அல்லவா? மூன்றாம் முறையும் வலப்பக்கம். மூன்றாம் முறையும் தடுத்தார். பலிண்ட் அடித்து 2-0 ஆக்கினார். அடுத்து மார்கோஸ். அடித்தே தீரவேண்டிய உதை. டக்கடாம் முதல் முறையாக இடப்பக்கம் பாய்ந்தார். பந்தும் அங்கேதான் வந்தது.

நான்கு உதை, நான்கும் தடுப்பு. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அந்தக் கோப்பையை வென்ற முதல் அணி ஸ்டெயுவா.

சில வாரங்களில் அவருடைய வலக்கையில் இரத்தம் உறைந்து அடைப்பு ஏற்பட்டது. மூன்று உதைகளைத் தடுக்க அவர் பாய்ந்தது வலப்பக்கம். உயர்மட்டக் கால்பந்தில் அவருக்கு இருந்த இடம் அந்தக் கையோடு போயிற்று. சில ஆண்டுகள் கழித்து அராத் நகரத்தில் கீழ்ப் பிரிவு அணி ஒன்றுக்காக மறுபடியும் கையுறை மாட்டினார் என்பதுதான் அவர் கதையில் என்னை மிகவும் நெகிழச் செய்யும் பகுதி. ஐரோப்பாவின் மிகப் பெரிய கோப்பையைத் தன் கையால் பெற்றுத் தந்தவருக்கு அந்தச் சிறிய மைதானத்தில் என்ன வேலை? ஆடப் பிடித்திருந்தது, ஆடினார். வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் அவர் காலமானார். அவருடைய நாட்டு மக்கள் கடைசிவரை அவரைச் 'செவில் நாயகன்' என்றே அழைத்தார்கள்.

சங்கப் புலவர் ஒருவர் உண்டு. அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் என்னவென்று நமக்குத் தெரியாது. செம்மண்ணில் பெய்த மழைநீர்போல் இரு நெஞ்சங்கள் கலந்தன என்று ஒரே ஒரு பாட்டில் எழுதினார். அந்த உவமையையே பெயராக்கிச் செம்புலப் பெயல்நீரார் என்று அழைத்தார்கள். பிற பாடல்கள் இருந்தனவா, தொலைந்தனவா, யாருக்குத் தெரியும்? ஒரு பாட்டுப் புலவர் என்று அவரை எவரும் இறக்கிப் பேசியதில்லை. செவில் நாயகன் என்ற பெயரும் எனக்கு அப்படித்தான் ஒலிக்கிறது.

ரஷ்யாவின் ஒலெக் சலென்கோவின் கதை இதைவிடச் சிக்கலானது. 1994 ஜூன் 28, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு அரங்கம், உலகக் கோப்பை. ரஷ்யா முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. பயிற்சியாளரோடு மோதல் ஏற்பட்டு, முக்கிய வீரர்கள் சிலர் அணியோடு வரவே மறுத்திருந்தார்கள். எதிரணி கேமரூனிலும் நிம்மதி இல்லை. கலைந்த மனத்தோடு இரண்டு அணிகள். அதில் சலென்கோ மட்டும் 5 கோல் அடித்தார். 15-ஆம் நிமிடத்தில் முதல் கோல், 75-ஆம் நிமிடத்தில் ஐந்தாவது. அறுபது நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண்கள் உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றில் ஐந்து கோல் அடித்தவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ரஷ்யா 6-1 என்று வென்றது. வென்றும் வெளியேறியது.

அதற்குப் பிறகு அவர் ரஷ்ய அணிக்கு ஒரு முறைகூட ஆடவில்லை! ரஷ்யாவுக்காக மொத்தம் 8 ஆட்டம், 6 கோல். ஆறும் அந்த உலகக் கோப்பையில் அடித்தவை. அந்தத் தொடரில் அதிகக் கோல் அடித்தவருக்கான விருதைப் பல்கேரியாவின் ஸ்டொய்ச்கோவோடு பகிர்ந்துகொண்டார். பிறகு வலென்சியா, கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ், துருக்கி என்று இடம் மாறிக்கொண்டே இருந்தார். காயங்கள் விடவில்லை. முப்பத்தோரு வயதுக்குள் ஓய்வு.

அந்த ஐந்து கோல்களில் கண்ணைப் பறிக்கும் வித்தை எதுவும் இல்லை. ஒன்று பெனால்டி. மற்றவை பந்து வரும் இடத்தில் ஒரு நொடி முன்னதாகப் போய் நின்றவரின் கோல்கள். ஐந்து முறை சரியான இடத்தில் இருந்தார், ஐந்து முறையும் பதற்றப்படவில்லை. அந்த அமைதிதான் மறுபடியும் அவருக்கு வாய்க்கவில்லை. புள்ளியியல் படித்தவர்கள், உச்சத்துக்குப் போனது சராசரிக்குத் திரும்பும் என்று விளக்குவார்கள். விளக்கம் சரியானதே. ஆனால் திரும்பி வந்த மனிதர் மறுநாள் காலையில் பயிற்சிக்குப் போகும்போது என்ன நினைத்திருப்பார் என்று அந்தக் கணக்கு சொல்லாது. நேற்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை என்று ஊரே கேட்கும். நாம்தான் கேட்கிறோம். ஒரு நாள் உயரப் பறந்த குற்றத்துக்காக ஆயுள் முழுவதும் அவரை அதே உயரத்தோடு வைத்து அளக்கிறோம். இது நியாயமற்ற அளவுகோல். மாற்றிக்கொள்ள வேண்டியவர்கள் ரசிகர்களாகிய நாம்தான்.

எடெரைப் பாருங்கள். கினி பிசாவில் பிறந்து, போர்ச்சுகலில் குழந்தைகள் இல்லம் ஒன்றில் வளர்ந்தவர். 2015-இல் ஸ்வான்சீ கிளப்புக்குப் போய் ஒரு கோல்கூட அடிக்காமல், பாதிப் பருவத்திலேயே பிரான்சின் லீல் கிளப்புக்கு அனுப்பப்பட்டார். 2016 ஐரோப்பிய நாடுகளின் கோப்பைக்கு அவரைத் தேர்ந்தெடுத்ததையே சொந்த நாட்டு ரசிகர்கள் பலர் பழித்தார்கள். ஜூலை 10, பாரிஸை ஒட்டிய செயின்ட் டெனிஸில் இறுதியாட்டம். ரொனால்டோ காயப்பட்டு அழுதுகொண்டே 25-ஆம் நிமிடத்தில் வெளியேறினார். 79-ஆம் நிமிடத்தில் எடெர் மாற்று வீரராக இறங்கினார். 109-ஆம் நிமிடத்தில், தன்னை நெருக்கிக்கொண்டிருந்த காவல் வீரரைத் தோளால் தாங்கிக்கொண்டு, தொலைவிலிருந்து தாழ்வாக ஓர் உதை. பிரான்ஸ் 0, போர்ச்சுகல் 1. போர்ச்சுகல் வென்ற முதல் பெரிய கோப்பை அது. இரண்டு ஆண்டு கழித்து உலகக் கோப்பை அணியில் எடெருக்கு இடம் இல்லை.

ராய் எஸ்ஸாண்டோ இன்னும் வியப்பானவர். 2001-இல் வைகம்ப் என்ற மூன்றாம் பிரிவு அணியில் முன்கள வீரர்கள் எல்லோரும் காயம்பட்டுக் கிடக்க, ஆள் தேவை என்று அறிவிப்பு விட்டார்கள். அதன் வழியாக வந்து சேர்ந்தவர் அவர். மார்ச் 10 அன்று, இங்கிலாந்தின் எல்லாப் பிரிவு அணிகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் காலிறுதியில், முதல் பிரிவு அணியான லெஸ்டரை, மாற்று வீரராக இறங்கிக் கடைசி நேரத்தில் தலையால் முட்டி வீழ்த்தினார். அவரை எடுத்த மேலாளர் லாரி சான்செஸ், 1988-இல் விம்பிள்டன் அணிக்காக லிவர்பூலுக்கு எதிராக அதே கோப்பையின் இறுதியாட்டத்தில் வெற்றிக் கோல் அடித்தவர். ஒரு நாள் என்பது எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசியாக ராஜர் ஆஸ்போர்ன். 1978 மே 6, வெம்பிளி அரங்கம், எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம், இப்ஸ்விச்சும் ஆர்சனலும். ஆஸ்போர்ன் நடுக்களத்தில் ஓடி ஓடி உழைக்கும் வகை. எதிரணியின் சிறந்த வீரரை விடாமல் துரத்திக் கட்டிப்போடுவது அவருக்கு வாடிக்கையாகக் கொடுக்கப்படும் வேலை. கோல் அடிக்க வேண்டும் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. 77-ஆம் நிமிடத்தில் ஆர்சனல் காவல் வீரர் ஒருவர் சரியாக அகற்றாத பந்து அவரிடம் வந்தது. இடக்காலால் அடித்தார். கோல். தோழர்கள் அத்தனை பேரும் அவர் மேல் விழுந்தார்கள். அந்தக் குவியலிலிருந்து எழுந்தவரால் நிற்க முடியவில்லை. வெயில், களைப்பு, இவற்றோடு உடம்பு தாங்காத மகிழ்ச்சி. தலை சுற்றிற்று. கோல் அடித்த கையோடு அவரை வெளியே அழைத்துக்கொண்டு, மாற்று வீரரை இறக்கினார்கள். இப்ஸ்விச் இன்றுவரை வென்றிருக்கும் ஒரே எஃப்.ஏ. கோப்பை அது. அதை வென்று கொடுத்தவர், கடைசி விசில் ஊதியபோது மைதானத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்.