இரண்டோடு நின்றது ஏன்? பாஸ்டன் புரூயின்ஸ் நான்கு கோப்பை வென்றிருக்க வேண்டிய அணி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பாபி ஓரும் ஃபில் எஸ்பொசிடோவும் சேர்ந்து ஆடிய பாஸ்டன் புரூயின்ஸ் ஐஸ் ஹாக்கி அணி, தன் தகுதிக்குக் குறைவாகவே என்.எச்.எல். என்ற வட அமெரிக்க லீக்கின் ஸ்டான்லி கோப்பையை வென்றதா என்பதுதான் இன்றைய தலைப்பு. ஆம், குறைவாகவே வென்றது என்று வாதாட வந்திருக்கிறோம்.

எதிரணித் தலைவர் மூன்று காரணங்களை அடுக்கிவிட்டு அமர்ந்தார். 1971இல் மான்ட்ரியல் கனேடியன்ஸுக்குக் கென் டிரைடன் என்றொரு கோல்கீப்பர் கிடைத்தார், அவரை யாராலும் தாண்ட முடியவில்லை என்றார். ஓரின் முழங்கால் கைவிட்டது என்றார். 1972இல் டபிள்யூ.எச்.ஏ. என்ற புதிய லீக் வந்து பணத்தைக் காட்டி ஆட்களை அள்ளிக்கொண்டு போனது என்றார். மூன்றும் நடந்தவைதான், மறுக்கவில்லை. ஆனால் கோப்பை கைநழுவியதற்கு இவைதான் காரணமா என்று ஆண்டு ஆண்டாக எடுத்துப் பார்த்தால் வேறு படம் தெரிகிறது.

முதலில் எங்கள் கணக்கைச் சொல்லிவிடுகிறோம், பிறகு குழப்பம் வேண்டாம். 1970இலும் 1972இலும் பாஸ்டன் வென்றது. 1969ஐ நாங்கள் கேட்கவில்லை. அந்த ஆண்டு லீக் சுற்றில் மான்ட்ரியலுக்கு 103 புள்ளி, பாஸ்டனுக்கு 100. வலுவான அணி வென்றது, அவ்வளவுதான். 1973ஐயும் கேட்கவில்லை. நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் எஸ்பொசிடோவின் முழங்கால் போனது, ஐந்தே ஆட்டத்தில் தொடரும் போனது. 1975இல் முதல் சுற்றிலேயே சிகாகோவிடம் தோற்றார்கள், அதையும் விட்டுவிடுகிறோம். நாங்கள் கேட்பது இரண்டே இரண்டு: 1971, 1974.

1970-71 பருவத்தில் இந்த அணி என்ன செய்தது என்று பாருங்கள். 78 ஆட்டம், 57 வெற்றி, 121 புள்ளி. அடித்த கோல் 399. அதற்கு அடுத்தபடியாக அதிகக் கோல் அடித்தது மான்ட்ரியல், 291. இடைவெளி 108 கோல்! எஸ்பொசிடோ மட்டும் 76 கோல், கோல் உதவிகளையும் சேர்த்து 152 புள்ளி. பாபி ஓர் 139. ஜானி பூசிக் 116. கென் ஹாட்ஜ் 105. லீக்கின் புள்ளிப் பட்டியலில் முதல் நான்கு பெயரும் ஒரே அணி. பாபி ஓர் ஒரு தடுப்பாட்டக்காரர் என்பதையும் நினைவில் வையுங்கள். பின்னால் நின்று தடுக்க வேண்டியவர், லீக்கிலேயே இரண்டாவது இடம்.

இப்படிப்பட்ட அணி, லீக் சுற்றுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃப் முதல் சுற்றில் மான்ட்ரியலைச் சந்தித்தது. மான்ட்ரியலுக்கு லீக் சுற்றில் 97 புள்ளி, பாஸ்டனைவிட 24 குறைவு. முதல் ஆட்டத்தைப் பாஸ்டன் 3-1 என்று வென்றது. ஜெர்ரி சீவர்ஸ் கோல்கீப்பர். மறுநாளே இரண்டாவது ஆட்டம், அதே பாஸ்டன் கார்டனில். இந்த ஒரு ஆட்டத்தில்தான் எங்கள் வழக்கின் பாதி இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டுகிறேன்.

பயிற்சியாளர் டாம் ஜான்சன், முந்தைய நாள் வென்ற சீவர்ஸை உட்காரவைத்துவிட்டு எடி ஜான்ஸ்டனை இறக்கினார். லீக் சுற்றில் இருவரும் மாறி மாறித்தான் ஆடினார்கள்: சீவர்ஸ் 40 ஆட்டம், ஜான்ஸ்டன் 38. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு ஆட்டம் வருகிற நீண்ட பருவத்தில் அது நல்ல ஏற்பாடு, இருவருக்கும் உடல் தேறும். நான்கு வெற்றி எடுத்தால்தான் அடுத்த சுற்று என்கிற தொடரில் அதே சுழற்சியைப் பிடித்துக்கொண்டிருப்பது வேறு விஷயம். ஆனாலும் இரண்டாம் பகுதியில் பாஸ்டன் 5-1 என்று முன்னே இருந்தது.

5-1 என்று முன்னே இருக்கும் அணி செய்ய வேண்டிய வேலை எளிது. பக்கை (அடித்து ஆடும் ரப்பர் வட்டை) எதிரியின் மூலைக்குத் தள்ளிவிட்டு ஆளை மாற்ற வேண்டும். தடுப்பாட்டக்காரர் இருவரும் நீலக்கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். நடுத்தளத்தில் பக்கை வைத்துக்கொண்டு வித்தை காட்டக் கூடாது. 399 கோல் அடித்துப் பழகிய அணி இதில் எதையும் செய்யவில்லை. ஆறாவது கோலைத் தேடி முன்னேறிக்கொண்டே இருந்தது. இரண்டாம் பகுதி முடிவதற்குள் ஹென்றி ரிஷார் ஒன்று அடித்தார், 5-2. மூன்றாம் பகுதியின் 20 நிமிடத்தில் மான்ட்ரியல் அடித்தது ஐந்து: பெலிவோ இரண்டு, லெமேர், ஃபெர்கஸன், மஹோவ்லிச். ஆட்டம் 7-5.

இதில் டிரைடனின் மாயம் எங்கே இருக்கிறது, நடுவர் அவர்களே? அவர் அன்று ஐந்து கோல் விட்டுக்கொடுத்தவர்! அந்த ஆட்டம் பாஸ்டனுடையதாக இருந்திருந்தால் தொடர் 2-0. அடுத்து மூன்றாவதைத் தோற்று, நான்காவதையும் ஐந்தாவதையும் வென்றார்கள். அப்படியென்றால் ஐந்தாவது ஆட்டத்தோடு 4-1 என்று தொடர் முடிந்திருக்கும். மாறாக ஆறாவதில் 8-3, ஏழாவதில் 4-2 என்று மான்ட்ரியல் வென்றது. அங்கே டிரைடன் அருமையாக ஆடினார், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஏழாவது ஆட்டம் என்ற ஒன்று வந்திருக்கவே கூடாது.

சரி, டிரைடனுக்கே வருவோம். அதுவரை என்.எச்.எல். லீக் சுற்றில் ஆறே ஆட்டம் ஆடிய இளைஞர், எங்கிருந்தோ வந்து பாஸ்டனைச் சாய்த்தார் என்று எதிரணித் தலைவர் உருகினார். எங்கிருந்து வந்தார் தெரியுமா? பாஸ்டனிலிருந்து! இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1964இல், கென் டிரைடனைத் தேர்ந்தெடுத்தது புரூயின்ஸ் அணிதான், 14ஆவது தேர்வாக. அதே மாதம் அவரை மான்ட்ரியலுக்குக் கொடுத்து இரண்டு இளைஞர்களை வாங்கினார்கள். வாங்கிய இருவரும் ஒரு என்.எச்.எல். ஆட்டம்கூட ஆடவில்லை.

பதினாறு வயதுப் பையன் பின்னாளில் என்ன ஆவான் என்று யாருக்குத் தெரியும் என்று எதிரணி கேட்கும். நியாயம். டிரைடன் ஒருவர் மட்டும் என்றால் நாங்களும் விதி என்று விட்டுவிடுவோம். 1967இல் லீக் ஆறு அணியிலிருந்து பன்னிரண்டு அணியாக விரிந்தது. பழைய அணி ஒவ்வொன்றும் ஒரு கோல்கீப்பரையும் 11 ஆட்டக்காரரையும் காத்துக்கொள்ளலாம், மற்றவர்களைப் புதிய அணிகள் எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. அப்போது பாஸ்டன் இழந்த இளம் கோல்கீப்பர்கள் இருவர்: பெர்னி பேரன்ட், டக் ஃபவெல். இருவருமே பிலடெல்பியா ஃபிளையர்ஸுக்குப் போனார்கள். 1972இல் மறுபடி விரிவாக்கம். இளம் கோல்கீப்பர் டேன் பூஷாரை அட்லாண்டா எடுத்துக்கொண்டது. அதே கோடையில் சீவர்ஸ் கிளீவ்லாந்துக்குப் போய்விட்டார். எட்டு ஆண்டில் ஐந்து கோல்கீப்பர். இதையும் விதி என்பீர்களா?

இந்த ஆட்டம் அதிகம் பழக்கமில்லாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஐஸ் ஹாக்கியில் தளத்தில் ஆறு பேர். அதில் ஐந்து பேர் ஒரு நிமிடம் அளவுக்கு மூச்சு முட்டச் சறுக்கிவிட்டு வெளியே வந்து உட்காருவார்கள், அடுத்த ஐவர் இறங்குவார்கள். எஸ்பொசிடோவேகூட ஆட்டத்தில் பாதி நேரம் பெஞ்சில்தான். கோல்கீப்பர் மட்டும் 60 நிமிடமும் நிற்கிறார். நட்சத்திரங்கள் நிறைந்த முன்வரிசையைச் சேர்த்துவிட்டு அந்த ஓரிடத்தைக் கவனிக்காமல் விடுவது, பயிரை விளைவித்துவிட்டுக் களஞ்சியத்துக்குக் கதவு போடாததுபோல.

இப்போது முழங்கால் வாதம். ஓரின் இடது முழங்கால் அவர் வாழ்க்கையையே குறுக்கிவிட்டது உண்மை. முப்பது வயதில் ஓய்வு, மொத்தம் 657 ஆட்டம். அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. ஆனால் நாங்கள் கேட்கும் ஆண்டுகளில் அவர் ஆடினாரா இல்லையா? 1970-71இல் 78க்கு 78 ஆட்டம். 1973-74இல் 74 ஆட்டம், 122 புள்ளி. 1975இல்கூட 80க்கு 80 ஆடி 135 புள்ளியோடு லீக்கிலேயே முதலிடம். முழங்கால் உண்மையில் அணியைக் கைவிட்டது 1975-76இல், அவர் பத்தே ஆட்டம் ஆடியபோது. 1971க்கும் 1974க்கும் அந்தச் சாக்கு பொருந்தாது.

டபிள்யூ.எச்.ஏ. வாதம் இன்னும் கனமானது, அதைத் தட்டிக்கழிக்க மாட்டோம். 1972 கோப்பை அணியிலிருந்து சீவர்ஸ், டெரெக் சாண்டர்சன், ஜானி மெக்கென்ஸி, டெட் கிரீன் நால்வரும் அந்த லீக்குக்குப் போனார்கள். எட் வெஸ்ட்ஃபாலை விரிவாக்கத்தில் நியூயார்க் ஐலண்டர்ஸ் எடுத்துக்கொண்டது. பெரிய இழப்புதான். ஆனால் அதே கோடையில் மான்ட்ரியலும் தன் முன்னணித் தடுப்பாட்டக்காரர் ஜே.சி. டிரெம்ப்ளேயை இழந்தது. இழந்துவிட்டு 1973 கோப்பையை வென்றது! எப்படி? அங்கே பொது மேலாளர் சாம் பொல்லாக் ஏற்கெனவே ஆளைச் சேர்த்து வைத்திருந்தார். தளர்ந்துகிடந்த கலிபோர்னியா சீல்ஸ் அணியின் 1971 முதல் சுற்றுத் தேர்வை ஓராண்டு முன்பே வாங்கி, அதில் கை லஃப்ளோரை எடுத்தார். டிரெம்ப்ளே போன பருவத்தின் நடுவிலேயே லாரி ராபின்சன் மேலே வந்தார்.

பாஸ்டனிடம் இளைஞர்கள் இல்லையா? இருந்தார்கள். 1970 டிராஃப்டில் மூன்றாவது தேர்வும் நான்காவது தேர்வும் அவர்களுடையவை. மூன்றாவது ரெஜி லீச், நான்காவது ரிக் மெக்லீஷ். மெக்லீஷை 1971 தொடக்கத்தில் பிலடெல்பியாவுக்குக் கொடுத்து மைக் வால்டனை வாங்கினார்கள். லீச்சை 1972இல் அதே சீல்ஸுக்குக் கொடுத்து கரோல் வாட்னேயை வாங்கினார்கள். வாட்னே நல்ல தடுப்பாட்டக்காரர், 1972 கோப்பைக்கு உதவினார், அதை மறைக்க மாட்டோம். ஆனால் மெக்லீஷ் 1972-73இல் 50 கோல் அடித்தார். லீச் 1975-76இல் 61. இரண்டுமே பிலடெல்பியா சட்டையில்.

இனி 1974. லீக் சுற்றில் பாஸ்டன் மறுபடி முதலிடம், 113 புள்ளி. புள்ளிப் பட்டியலில் மறுபடி முதல் நான்கும் அவர்களே: எஸ்பொசிடோ, ஓர், ஹாட்ஜ், கேஷ்மன். கோல் 349. இறுதியில் எதிரே பிலடெல்பியா, 273 கோல்தான் அடித்திருந்தது. ஆனால் வாங்கிய கோல் எவ்வளவு? பாஸ்டன் 221, பிலடெல்பியா 164. அந்த 57 கோல் வித்தியாசத்துக்கு முதல் காரணம் பெர்னி பேரன்ட். 73 ஆட்டம் நின்று 47 வெற்றி, 12 ஆட்டத்தில் ஒரு கோலும் விடவில்லை.

பிலடெல்பியாவின் பயிற்சியாளர் ஃபிரெட் ஷீரோ ஒரு துணிச்சலான திட்டம் வைத்தார். பாபி ஓரிடமிருந்து பக்கை ஒளித்துவைக்க எல்லா அணிகளும் படாதபாடு படும். ஷீரோ அதை வேண்டுமென்றே பாபி ஓர் நிற்கும் மூலைக்கே தள்ளச் சொன்னார். ஒவ்வொரு முறையும் பின்னால் திரும்பி ஓடி, இடி வாங்கி, முழுத் தளமும் பக்கைச் சுமந்து வரட்டும், தொடர் நீள நீளக் களைத்துப்போவார் என்பது கணக்கு. ஓரின் சுமையைப் பகிர்ந்துகொள்ள 1972இல் இருந்த ஆட்கள் அப்போது இல்லை என்பதால் அது பலித்தது.

ஆறாவது ஆட்டம், 1974 மே 19. முதல் பகுதியில் பாஸ்டன் ஒரு ஆள் குறைந்து நிற்கிறது, எதிரணிக்குப் பவர் பிளே. 1972இல் இந்த நிலையைச் சமாளித்த ஜோடி வெஸ்ட்ஃபாலும் சாண்டர்சனும். இருவருமே அன்று தளத்தில் இல்லை. தொலைவிலிருந்து வந்த அடியைக் கோலுக்கு முன்னால் திருப்பிவிட்டார் ஒருவர். ஆட்டத்தின் ஒரே கோல் அதுதான், 1-0, கோப்பை பிலடெல்பியாவுக்கு. திருப்பிவிட்டவர் ரிக் மெக்லீஷ். மறுமுனையில் வந்த அத்தனையையும் தடுத்தவர் பெர்னி பேரன்ட். அடித்தவரும் பாஸ்டன் தேர்ந்தெடுத்த ஆள், தடுத்தவரும் பாஸ்டன் வளர்த்த ஆள்.

எதிரணியின் அடுத்த பேச்சாளர் எழுந்திருக்கப் போகிறார். அவர் ஒன்றுக்கு மட்டும் நேராகப் பதில் சொன்னால் போதும். 1973 மார்ச்சில், சீவர்ஸ் போன இடம் காலியாகக் கிடக்க, பாஸ்டன் தன் முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்து டொரண்டோவிடமிருந்து ஒரு கோல்கீப்பரை வாங்கியது. ஜாக் பிளான்ட், ஒரு காலத்தில் ஈடு இணையற்றவர், அப்போது வயது 44. இடையில் பிலடெல்பியாவிலிருந்து கைமாறியிருந்த பேரன்டின் என்.எச்.எல். உரிமையும் அந்த டொரண்டோவிடம்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து மே மாதத்தில், ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் ஃபவெலையும் கொடுத்துப் பேரன்டை வாங்கிக்கொண்டு போனது பிலடெல்பியா. தேர்வுச் சீட்டு பாஸ்டனிடமும் இருந்தது, பேரன்ட் எப்படிப்பட்டவர் என்று மற்ற எல்லா அணியையும்விடப் பாஸ்டனுக்கு நன்றாகத் தெரியும். மார்ச்சில் அந்தச் சீட்டை 44 வயதுக்காரருக்காகச் செலவழிக்கச் சொன்னது ஓரின் முழங்காலா, டபிள்யூ.எச்.ஏ.வா, டிரைடனா?