துண்டுக்கு அடியில் ஒரு கார்

நேயர்களுக்கு வணக்கம். பழைய கார் வாங்குவது, விற்பது பற்றி இன்று பேசுகிறேன்.

சிறுவயதில் அப்பா என்னை மணப்பாறை மாட்டுச் சந்தைக்கு அழைத்துப் போவார். மாடு பிடித்துப்போனாலும் முகத்தில் காட்ட மாட்டார். வயதை அறிய மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார். பத்தடி நடத்திப் பார்ப்பார். அதுவரை விலை என்ற சொல்லே அவர் வாயில் வராது. பிறகு தரகர் தோள் துண்டை எடுத்து இருவர் கைமேலும் போர்த்துவார். அதற்கு அடியில் விரல்கள் விலை பேசும். பேரம் என்றால் அந்த விரல் பேச்சுதான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். திருச்சியில் இருபத்தாறு வருடம் ஒர்க்ஷாப் நடத்திய பிறகுதான், பல்லைப் பார்த்து முடித்தபோதே அப்பா பாதிப் பேரத்தை முடித்திருந்தார் என்பது விளங்கியது.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். டீலரிடம் போனதும், "கடைசி விலை என்ன?" என்கிறார்கள். பானெட்டைக்கூடத் திறக்காதவருக்குக் கடைசி விலை எதற்கு? "நான்கு லட்சத்து இருபது சார், உங்களுக்காக நான்கு பத்து" என்பார் அவர். பத்தாயிரம் குறைந்த மகிழ்ச்சியில் அதற்குப் பிறகு கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது.

காருக்குப் பல் எது என்றால், டயர் என்பேன். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். 2019ஆம் ஆண்டு வண்டி, மீட்டரில் 28,000 கிலோமீட்டர், ஆனால் நான்கு டயரும் 2023இல் செய்தவை என்றால், பழைய டயர்கள் ஏன் அதற்குள் போயின? நியாயமான காரணம் இருக்கலாம். ஆனால் கேட்க வேண்டும். மீட்டரைக் குறைக்க ஒரு லேப்டாப் போதும். தேய்ந்த கிளட்ச் பெடல் ரப்பரையோ, வழவழப்பான ஸ்டியரிங்கையோ லேப்டாப்பால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. கம்பெனி சர்வீஸ் பதிவைக் கேளுங்கள். ஒவ்வொரு முறை சர்வீஸுக்கு விட்டபோதும் கிலோமீட்டரைக் குறித்திருப்பார்கள். போய்ச் சேர்ந்ததும் பானெட்டின் மேல் கை வையுங்கள். வெயிலில் நிற்காமலே சுட்டால், நீங்கள் வருவதற்கு முன்பே வண்டியை ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் அது எப்படி இருமும் என்பதை உங்களுக்குக் காட்ட விருப்பமில்லை. நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது.

இவ்வளவும் தெரிந்த நானே ஒருமுறை ஏமாந்தேன். 2016ஆம் ஆண்டு. சென்னைப் பதிவு எண் கொண்ட ஒரு கார், டீலர் ஒருவரிடம் பளபளவென்று நின்றது. எனக்குப் பிடித்த அடர் சிவப்பு. ஊராருக்குப் பார்க்கும்போது இருக்கும் கண், தனக்கு என்றதும் மங்கிவிடுகிறது. எஞ்சினைக் கேட்டேன், ஓட்டிப் பார்த்தேன், பணம் கொடுத்தேன். நான்கே மாதத்தில் கண்ணாடி ஏறவில்லை, பிறகு ஹாரன் அடிக்கவில்லை, பிறகு ஒருநாள் ஹாரன் அதுவாகவே அடித்துக்கொண்டு நின்றது. சீட்டைக் கழற்றினேன். சீட் நகரும் தண்டவாளம் முழுக்கத் துரு. சீட் பெல்ட்டை அடிவரை இழுத்தேன். கடைசி முழத்தில் காய்ந்த சேற்றுக் கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. பாலிஷ் போட்டவர்கள் பெல்ட்டை மட்டும் இழுத்துப் பார்க்க மறந்துவிட்டார்கள். நானும்தான். இப்போது எந்த வண்டியிலும் முதலில் பெல்ட்டைத்தான் இழுக்கிறேன். 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, நெல்லைப் பக்கமும் வெள்ளம் வந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போகலாம். ஆனால் அவருக்குக் கூலியை நீங்களே கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் டீலர் கொடுப்பார். இதைச் சொன்னதற்கு என் தொழில்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வரக்கூடும், வரட்டும்.

பார்த்து முடித்த பிறகு விலைக்கு வாருங்கள். "குறைத்துக் கொடுங்கள்" என்று கெஞ்ச வேண்டாம். "நான்கு டயர் மாற்ற வேண்டும், சிறிய காருக்கே பெரிய செலவு. இன்ஷூரன்ஸ் அடுத்த மாதம் முடிகிறது. பேட்டரி கடைசி மூச்சில் இருக்கிறது" என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஒரு தொகையைச் சொல்லுங்கள். சொன்னபின் வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நாமே இன்னொரு ஐயாயிரம் ஏற்றிச் சொல்வது பலருக்கும் உள்ள வியாதி. "இன்னொரு பார்ட்டி மாலையில் அட்வான்ஸோடு வருகிறார்" என்பார் டீலர். வரட்டும் என்று எழுந்துவிடுங்கள்.

பேச்சு எங்கேயோ இழுபறியானால் அவர் திடீரென்று, "மாதம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" என்பார். அங்கேதான் விலை காணாமல் போகிறது. நான்கு லட்சம் கடன், 14 சதவீத வட்டி என்று வையுங்கள். மூன்று வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 13,700 ரூபாய். ஐந்து வருடம் என்றால் 9,300. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் வட்டி மட்டும் 92,000 ரூபாயிலிருந்து 1,58,000 ரூபாயாகிவிடுகிறது. நாள் முழுக்கப் பேசிக் குறைத்த பத்தாயிரம் எந்த மூலைக்கு?

இனி காகிதம். இரும்பைவிட இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். மத்திய அரசின் பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, கடன் பாக்கி பதிவாகியிருக்கிறதா, அபராதம் நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35ம் கைக்கு வராமல் முழுப்பணம் தராதீர்கள். டெல்லியிலிருந்து மலிவாக வரும் டீசல் வண்டிகளைப் பற்றி ஒரே வார்த்தை: வயதான டீசல் வண்டிகளுக்கு அங்கே கட்டுப்பாடு இருப்பதால்தான் அவை இங்கே வருகின்றன. டெல்லிப் போக்குவரத்து அலுவலகத் தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டு வரி எல்லாவற்றையும் கூட்டிய பிறகு மலிவு எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

விற்பவர்களுக்கும் ஒரு சொல். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விவரம் நிரப்பாமல் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். பெயர் மாறாத வண்டி, கை மாறி எங்கோ விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. இதற்காகத்தான் 2023 ஏப்ரல் முதல் புதிய விதி வந்தது. பழைய வண்டி வியாபாரிகள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வண்டியை அவரிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால், விற்கும்வரை பொறுப்பு அவருடையது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். டீ வாங்கித் தந்து பேச்சை மாற்றுகிறாரா என்று பாருங்கள்.

இரண்டாவது சாவியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விற்பவர் தன் ஃபாஸ்டேக் கணக்கை மூடிவிட வேண்டும். என் நண்பர் ஒருவர் இதை மறந்துவிட்டார். வண்டியை விற்று மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை இரவு அவர் கைப்பேசி ஒலித்தது. சென்னை-திருச்சி சாலையில் பரனூரில் அவர் கணக்கிலிருந்து சுங்கம் கழிந்தது. பிறகு ஆத்தூர், பிறகு விக்கிரவாண்டி. விடியும்போது சமயபுரம் சுங்கச்சாவடி. யாரோ குடும்பத்தோடு அம்மனைத் தரிசிக்கப் போயிருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது. திரும்பும் வழிக்கும் அவர்தான் பணம் கட்டினார்.

வணக்கம்.