அடிக்கிற போனை எடுக்காதவருக்குப் பாசம் குறைவா?

நடுவர் அவர்களே, "போனை எடுக்காதவன் மனசுல பாசம் இல்லை"ன்னு எதிரணி அக்கா சொல்லிட்டு உட்கார்ந்தாங்க. கைதட்டல் பலம். நானும் தட்டினேன். ஆனா ஒரு கணக்கு இடிக்குதே!

2003-க்கு முன்னால, வர்ற அழைப்புக்கும் செல்போன்காரரே காசு கட்டணும். அன்னிக்கு எடுக்காம விட்டவருக்குச் சிக்கனக்காரர்னு பேரு. இன்னிக்கு எடுக்கலைன்னா திமிரு பிடிச்சவனா? எஸ்டிடி பூத்துல மீட்டரைப் பார்த்துக்கிட்டே "நல்லாயிருக்கேன், பணம் வந்துச்சு, வச்சிடுறேன்"னு நாலு வார்த்தையில முடிச்சாரே எங்கப்பா, அவருக்குப் பாசம் இல்லையா? "போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் விடு"ன்னு அம்மா சொன்னாங்களே, அதுல ஒரு சொல்கூட இல்லையே!

இப்ப காசு கவலை இல்லை. அதனால என்ன நடக்குது? "சாப்டியா?" "சாப்டேன்." "என்ன குழம்பு?" "புளிக்குழம்பு." "அப்புறம்?" "நீங்கதான் சொல்லணும்." பேச்சு தீர்ந்துபோச்சு, வைக்க மட்டும் முடியலை. வைக்கலாம்னு வாயெடுத்தா, "இரு, சித்தி வந்திருக்கா, ஒரு வார்த்தை பேசு"ன்னு போன் கைமாறும். சித்தி மறுபடி "சாப்டியா?"ன்னு ஆரம்பிப்பாங்க!

இதே சித்தி நேர்ல வந்தா எனக்குப் பயமே இல்லை. திண்ணையில பக்கத்துல உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுவாங்க, நானும் உருவுவேன். பத்து நிமிஷம் பேச்சே இருக்காது. யாருக்கும் உறுத்தாது. போன்ல ரெண்டு நொடி சும்மா இருந்து பாருங்க: "ஹலோ... ஹலோ... லைன்ல இருக்கியா?" மௌனமா இருந்தா சிக்னல் போச்சுன்னு அர்த்தம்! முகம் தெரியாது. பழைய லேண்ட்லைன்ல குரல்கூட முழுசா வராது. ஒலியோட அதிர்வு நொடிக்கு 300 முதல் 3,400 வரைக்கும் (ஹெர்ட்ஸ்)தான், அதுக்கு மேல இருக்கிற கீச்சு ஒலியை வெட்டிடும். அதனாலதான் 'எஸ்'ஸா 'எஃப்'பான்னு இன்னமும் கத்திக்கிட்டு இருக்கோம். அரைக்குரலை வச்சு எதிராளி கோபமா, சிரிக்கிறாரான்னு ஊகிச்சு, உடனே பதிலும் சொல்லணும். சிலருக்கு அது வேர்த்துக் கொட்டுற வேலைங்க.

அவசரம்னா? ரெண்டாவது தடவை அடிங்க, எடுத்துடுவோம். நியாயம்தானே!

இந்த மேடைக்கு விழாக் குழுவினர் என்னை மூணு தடவை கூப்பிட்டாங்க. மேசை மேல போன் வண்டு மாதிரி நகர்ந்துச்சு, பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் "ஞாயிறு, 6 மணி, வர முடியுமா?"ன்னு ஒரு குறுஞ்செய்தி. ஒரே நிமிஷத்துல "வர்றேன்"னு போட்டேன். அஞ்சே முக்காலுக்கே வந்து, நாற்காலி எடுத்துப் போட்டதும் நான்தான். குழுவினரையே கேட்டுக்குங்க.

நன்றி, வணக்கம்.