விரிசலைத் தேடத் தெரிந்த தொழில்
(ராணுவ ஹெலிகாப்டர்களைச் சொந்தமாகச் செய்வது பற்றி, பெங்களூரில் தமிழ் நண்பர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

வளர்ந்து வருகிற ஒரு நாட்டின் பாதுகாப்புத் தொழில், ராணுவ ஹெலிகாப்டரைத் தானே செய்துகொள்ள முடியுமா? இதை வேறு ஊரில் கேட்டால் பரவாயில்லை. பெங்களூரில் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். விமானபுரா, முருகேஷ்பாளையா, மாரத்தஹள்ளிப் பக்கம் வளர்ந்தவர்கள் ஹெலிகாப்டர் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவர்கள். உங்களில் பலர் வீட்டில் அப்பாவோ சித்தப்பாவோ மாமாவோ ஹெலிகாப்டர் செய்கிற ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸுக்கு, அதாவது எச்.ஏ.எல்.லுக்கு, பஸ் பிடித்து வேலைக்குப் போனவராகத்தான் இருப்பார். "அறுபது வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறோம், முடியுமா என்று கேட்கிறாயே" என்பீர்கள்.

நியாயம்தான். ஆனாலும் கேட்க வேண்டியிருக்கிறது. இன்னொருவர் வரைந்த படத்தைப் பார்த்துச் செய்வது ஒரு நிலை. நாமே வரைந்து செய்வது அடுத்த நிலை. செய்ததில் விரிசல் விட்டால், அது ஏன் விட்டது என்று அடிவரை போய்க் கண்டுபிடித்துத் திருத்துவது மூன்றாவது நிலை. முதல் இரண்டையும் நாம் தாண்டிவிட்டோம். மூன்றாவதில் இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து.

முதலில் பழைய கதை. 1962-இல் பிரான்ஸோடு ஒப்பந்தம் போட்டு, அவர்களுடைய அலுவெட் 3 ஹெலிகாப்டரை உரிமம் வாங்கி இங்கே செய்ய ஆரம்பித்தோம். அதுதான் சேத்தக். அடுத்து வந்தது சீட்டா. சீட்டாவின் பிறப்பு பலருக்குத் தெரியாது. இமயமலை உயரத்தில், காற்று மெலிந்த இடத்தில், பாரம் தூக்கக்கூடிய சிறிய ஹெலிகாப்டர் வேண்டும் என்று கேட்டது இந்திய ராணுவம். அதற்காகவே பிரெஞ்சுக்காரர்கள் லாமா என்ற ஹெலிகாப்டரை உருவாக்கினார்கள். 1969-இல் அது பறந்தது. 1972-இல் ழான் பூலே என்ற விமானி அதில் 12,442 மீட்டர் உயரம் போய் உலக சாதனை படைத்தார். அந்த லாமாதான் பெங்களூரில் சீட்டாவாகத் தயாரானது. சியாச்சினில் இருபதாயிரம் அடியை ஒட்டிய காவல் முனைகளுக்கு இன்றுவரை மண்ணெண்ணெயும் ரொட்டியும் மருந்தும் கொண்டுபோவது அந்த வம்சம்தான்.

தேவை நம்முடையது, மலை நம்முடையது, உயிரைப் பணயம் வைத்த விமானிகள் நம்மவர்கள். வரைபடம் மட்டும் பிரான்ஸுடையது. உரிமம் வாங்கிச் செய்யும்போது தொழிலாளியின் கை பழகுகிறது. கடைசல், அரவை, பொருத்துதல் எல்லாவற்றிலும் நம் ஆட்கள் தேர்ந்தார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு பாகத்தின் மூலையில் இருக்கும் வளைவின் ஆரம் ஏன் அந்த அளவு என்று வரைபடத்தில் எழுதியிருக்காது. அந்த ஆரத்துக்கு வந்து சேர்வதற்கு முன்னால் எத்தனை மாதிரிகள் சோதனை மேடையில் உடைந்தன என்றும் எழுதியிருக்காது. அந்த உடைந்த துண்டுகளில்தான் அறிவு இருக்கிறது. அது பிரான்ஸிலேயே தங்கிவிட்டது.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1984-இல் ஜெர்மனியின் எம்.பி.பி. நிறுவனத்தைத் தொழில்நுட்பத் துணையாக வைத்துக்கொண்டு, நாமே ஒரு ஹெலிகாப்டரை வடிவமைக்க இறங்கினோம். அது துருவ். 1992 ஆகஸ்ட் 20-ஆம் தேதி முதலில் பறந்தது. படைகளின் கைக்கு வந்தது 2002-இல். பதினெட்டு வருஷம். தாமதம் என்று திட்டுவது சுலபம். தரைப்படை, கடற்படை, விமானப்படை, கடலோரக் காவல்படை நான்கும் ஒரே ஹெலிகாப்டரில் தங்கள் எல்லாத் தேவையும் அடங்க வேண்டும் என்றன. பணம் விட்டு விட்டு வந்தது. போதாததற்கு 1998-இல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனை நடந்ததும், துருவுக்கென்று நினைத்திருந்த அமெரிக்க எஞ்சின் அமெரிக்கா போட்ட தடைக்குள் போய்விட்டது. பிரெஞ்சு எஞ்சினைப் பொருத்திச் சமாளித்தார்கள். பிறகு அதே பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய சக்தி எஞ்சின் வந்தது.

அப்படியும் துருவ் நல்ல வடிவமைப்பு. கீல் இல்லாத ரோட்டர் (மேலே சுழலும் இறக்கைத் தொகுதி), கலப்புப் பொருளில் செய்த நான்கு இறக்கைகள். சொன்னதும் திரும்பும் சுறுசுறுப்பு அதற்கு உண்டு. கோவைப் பக்கத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சூலூரிலிருந்து கிளம்பும் விமானப்படையின் சாகசக் குழுவான சாரங், நான்கைந்து துருவ்களை ஒன்றுக்கொன்று உரசுகிற தூரத்தில் பறக்க விடுவதைப் பார்த்திருப்பீர்கள். வடிவமைக்க நம்மால் முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

சரி, அப்புறம் எங்கே தடுமாற்றம்? அதைச் சொல்ல, ஹெலிகாப்டருக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

விமானத்தில் இறக்கை அசையாமல் நிற்கும். ஹெலிகாப்டரில் இறக்கையே சுழல்கிறது. துருவ் அளவுள்ள ஹெலிகாப்டரின் ரோட்டர் நிமிடத்துக்குச் சுமார் 300 முறை சுற்றும். முன்னோக்கிப் பறக்கும்போது, ஒரு பக்கம் வரும் இறக்கை காற்றை எதிர்த்து வருகிறது, மறுபக்கம் போகும் இறக்கை காற்றோடு போகிறது. ஆக, ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு இறக்கையும் ஒரு தடவை வளைந்து நிமிர்கிறது. மணிக்கு 18,000 தடவை. ஆயிரம் மணி நேரம் பறந்தால் 1 கோடியே 80 லட்சம் தடவை. கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து உடைக்கிறோமே, உலோகத்துக்கு நடப்பது அதுதான். உலோகச் சோர்வு என்பார்கள். வளைவு மிக மிகச் சிறியது, ஆகவே நாள் கடந்து நடக்கிறது.

ரோட்டருக்குக் கீழே கியர்பாக்ஸ். எஞ்சினுக்குள் டர்பைன் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றில் ஓடுகிறது. அதை 300-க்கு இறக்கி, மொத்தச் சக்தியையும் ஒரே தண்டு வழியாக மேலே அனுப்ப வேண்டும். எஞ்சின் இரண்டு வைக்கலாம். ஒன்று நின்றால் மற்றது காப்பாற்றும். பிரதான கியர்பாக்ஸை இரண்டாக வைக்க முடியாது.

கியர்பாக்ஸுக்கும் இறக்கைகளுக்கும் நடுவில் சுவாஷ்பிளேட் என்று ஒரு பாகம். அதன் கீழ்த்தட்டு சுழலாது, விமானியின் கைப்பிடிக்கு ஏற்பச் சாயும். மேல்தட்டு ரோட்டரோடு சுழன்றபடி, கீழ்த்தட்டு சாய்ந்த பக்கம் தானும் சாயும். நடுவில் பேரிங். விமானி நினைத்தது இறக்கைக்குப் போய்ச் சேரும் ஒரே பாதை இது. இதற்கும் மாற்று கிடையாது. இது முறிந்தால் எவ்வளவு தேர்ந்த விமானியாக இருந்தாலும் கையில் ஒன்றுமில்லை.

2025 ஜனவரி 5-ஆம் தேதி போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். சுவாஷ்பிளேட் தொகுதியில் முறிவு இருந்தது தெரியவந்தது. நாடு முழுவதும் முந்நூறுக்கும் மேற்பட்ட துருவ்கள் மாதக்கணக்கில் தரையில் நின்றன. எல்லையில் துருவை நம்பியிருந்த முகாம்களுக்கு அது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு முன் 2023-இல் வரிசையாக விபத்துகள் நடந்தபோது, கட்டுப்பாட்டுத் தண்டுகளை அலுமினியத்திலிருந்து எஃகுக்கு மாற்றினார்கள். இறந்தவர்களின் குடும்பங்களை நினைத்துக்கொண்டேதான் இதையெல்லாம் பேசுகிறேன். அவர்களுக்கு நாம் பட்ட கடன், காரணத்தை முழுசாகச் சொல்வது.

இங்கே தென்கொரியாவைப் பார்க்க வேண்டும். அவர்களும் நம்மைப் போலத் தாமதமாக வந்தவர்கள். ஐரோப்பியத் துணையோடு 2006-இல் சூரியோன் என்ற ஹெலிகாப்டரைத் தொடங்கி 2010-இல் பறக்க விட்டார்கள். 2018 ஜூலையில் அதன் மரைன் படைக்கான வடிவம் போஹாங்கில் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். மேலே கிளம்பிய சில விநாடிகளில் ரோட்டரே கழன்றுவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் காரணம் வெளியில் வந்தது. ரோட்டரைத் தாங்கும் தண்டுக்கு வெப்பப் பதனம் செய்யும்போது, அதாவது சூடாக்கிக் குளிர்வித்து உறுதியாக்கும்போது, தண்ணீரில் குளிர்விக்க வேண்டியதைக் காற்றில் குளிர்வித்திருக்கிறார்கள். அந்தத் தண்டு ஐரோப்பாவில் தயாரானது. நூறாண்டு அனுபவம் உள்ளவர்கள் கையிலும் ஒரு படி தவறினால் ஐந்து உயிர் போகிறது. கொரியர்கள் அந்தப் படி எது என்பதுவரை போய், அதை ஊரறியச் சொன்னார்கள். தண்டை எந்தத் தொட்டியில் முக்கினார்கள் என்ற அளவுக்கு ஒரு விசாரணை போனால்தான் அந்தத் தொழில் வளரும். நம் நாட்டில் ராணுவ விபத்து விசாரணைகளின் முழு அறிக்கை பொதுவெளிக்கு வருவதில்லை. எதிரிக்குப் பயன்படும் ரகசியங்களை மறைத்துவிடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. எஃகில் விட்ட விரிசல் எதிரிக்கு என்ன ரகசியம்? அதை அறிய வேண்டியவர்கள் பெங்களூரின் பீனியா தொழிற்பேட்டையில் பேரிங் கூடு கடைகிறவரும், கல்லூரியில் உலோகவியல் படிக்கிற பிள்ளையும்தான்.

வெளிநாட்டுச் சந்தையும் இதைத்தான் பார்க்கிறது. எக்குவடோர் ஏழு துருவ்களை வாங்கியது. நான்கு விழுந்தன. 2015-இல் ஒப்பந்தத்தையே ரத்து செய்தார்கள். யார் மேல் தவறு என்ற வாதம் இரண்டு பக்கமும் நடந்தது. வாங்குகிறவர் வாதத்தைப் பார்ப்பதில்லை, விழுந்ததைப் பார்க்கிறார்.

எஞ்சின் விஷயத்தைச் சீக்கிரமே சொல்லிவிடுகிறேன். 1998-இல் நமக்குக் கிடைக்காமல் போனதே ஓர் அமெரிக்க எஞ்சின், அதே குடும்பத்து எஞ்சின்தான் துருக்கியின் டி129 தாக்குதல் ஹெலிகாப்டரிலும் இருக்கிறது. 2018-இல் பாகிஸ்தான் முப்பது டி129 கேட்டது. எஞ்சினுக்கு அமெரிக்கா ஏற்றுமதி அனுமதி தரவில்லை, வியாபாரம் நின்றது. துருக்கி அதற்கு முன்பே தொடங்கியிருந்த சொந்த எஞ்சினில் முழு மூச்சாக இறங்கியது. நம்மிடமும் 1,200 கிலோவாட் எஞ்சின் ஒன்று உருவாகி வருகிறது. அடுத்து வரப்போகும் 13 டன் ஹெலிகாப்டருக்காகப் பிரெஞ்சு நிறுவனத்தோடு கூட்டாக ஆரவல்லி என்ற எஞ்சினுக்கு வேலை நடக்கிறது. கூட்டு என்றால், டர்பைனின் சூடான பகுதியை வடிவமைக்கிற அறையிலும் நம் பொறியாளர் உட்கார வேண்டும். வெளிக்கூட்டைச் செய்து கொடுத்துவிட்டுத் திருப்திப்பட்டால் மறுபடி சேத்தக் காலம்தான்.

தென்னாப்பிரிக்காவின் பாடம் வேறு. ஆயுதத் தடைக்கு நடுவில் ரூய்வாக் என்ற தாக்குதல் ஹெலிகாப்டரை உருவாக்கி 1990-இல் பறக்க விட்டார்கள். 2013-இல் காங்கோவில் ஐ.நா. படையில் நன்றாகவே போரிட்டது. ஆனால் செய்தது மொத்தம் பன்னிரண்டுதான். பன்னிரண்டோடு நின்றால் உதிரிபாகம் செய்கிறவர் பட்டறையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார்.

அதனால்தான் நம் சொந்தத் தாக்குதல் ஹெலிகாப்டரான பிரசண்ட் எனக்கு நம்பிக்கை தருகிறது. 1999 கார்கில் போரில் நம்மிடம் இருந்த தாக்குதல் ஹெலிகாப்டர்களால் அந்த உயரத்தில் வேலை செய்ய முடியவில்லை. ராக்கெட் கட்டி அனுப்பிய எம்.ஐ.-17 போக்குவரத்து ஹெலிகாப்டர் ஒன்று டோலோலிங் பக்கம் சுடப்பட்டு விழுந்தது. அந்த அடிதான் பிரசண்டுக்கு விதை. துருவின் ரோட்டரையும் கியர்பாக்ஸையும் எஞ்சினையும் வைத்துக்கொண்டு, ஒல்லியான உடலோடு 2010-இல் பறந்தது. 4,700 மீட்டர் உயரத்தில் இறங்கி எழுந்து காட்டியது. 2022 அக்டோபரில் ஜோத்பூரில் விமானப்படையில் சேர்ந்தது. 2025 மார்ச்சில் 156 பிரசண்டுகளுக்கு, 62,700 கோடி ரூபாய்க்கு, ஒப்பந்தம் கையெழுத்தானது. பெங்களூரிலும் தும்கூரிலும் தயாராகும். 250-க்கும் மேற்பட்ட உள்நாட்டு நிறுவனங்கள் பங்கெடுக்கும், 65 சதவீதத்துக்கு மேல் உள்நாட்டுப் பொருள் இருக்கும் என்கிறார்கள்.

இந்தச் சதவீதத்தை நான் நெருங்கிப் பார்க்கச் சொல்வேன். 2010-இல் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை, துருவில் போகும் பொருளின் மதிப்பில் சுமார் 90 சதவீதம் வெளிநாட்டிலிருந்து வருகிறது என்று சொன்னது. அங்கிருந்து இங்கே வந்திருப்பது பெரிய தூரம், உழைத்தவர்களை வணங்குகிறேன். மிச்சம் இருக்கும் 35-இல் எது இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. இருக்கை வெளியிலிருந்து வந்தால் கவலை இல்லை. பேரிங் எஃகும், கியர் செய்யும் உருக்கும், டர்பைன் இறக்கையும் அந்த 35-க்குள் இருந்தால் 1998 மறுபடி வரலாம்.

அந்த 250 நிறுவனங்களில் பல, பீனியாவிலும் ஒசூரிலும் கோவையிலும் இருக்கிற சின்னப் பட்டறைகளாகத்தான் இருக்கும். இவர்களிடம் ஐந்து அச்சுகளில் நகர்ந்து கடையும் ஐந்தச்சு இயந்திரம் இருக்கும், வேலை தெரிந்த ஆள் இருப்பார். இல்லாதது, ஒரு பாகத்தைக் கோடி முறை வளைத்து உடைத்துப் பார்க்கிற சோதனை மேடை. அதைத் தனியொரு பட்டறைக்காரர் வாங்க முடியாது. அரசு பொதுவில் அமைத்துக் குறைந்த கட்டணத்தில் திறந்துவிட வேண்டும். செய்த பாகத்துக்குப் பணம் நேரத்துக்கு வர வேண்டும். மூன்று மாதம் பில் நின்றால் சின்னப் பட்டறை முதலில் கை வைப்பது தரச் சோதனைச் செலவில்தான். இது யாருடைய ஒழுக்கக் குறைவும் இல்லை, சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்கிற கணக்கு.

இங்கே கல்லூரி மாணவர்கள் நிறைய வந்திருக்கிறீர்கள். கணினிப் பக்கம் போகிறவர்களைத் தடுக்க மாட்டேன். உலோகச் சோர்வு, வெப்பப் பதனம், பேரிங் உராய்வு, இவற்றைப் படிக்க நினைத்துவிட்டு "இதில் என்ன எதிர்காலம்" என்று தயங்குகிறவர்கள் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். 156 பிரசண்ட், அதற்குப் பின்னால் 13 டன் ஹெலிகாப்டர், நடுவில் சீட்டாவுக்கு மாற்றாக வரும் இலகுரக ஹெலிகாப்டர். இத்தனைக்கும் விரிசலைப் பார்த்து அது எங்கே ஆரம்பித்தது என்று சொல்லக்கூடிய ஆட்கள் வேண்டும். எந்த ஊரில், எந்தச் சோதனைக் கூடத்தில், யாரிடம் போய் இதைக் கற்கலாம் என்று உட்கார்ந்து பேசுவோம்.