கப்பல்ல பசியோட இருக்காதீங்க

எல்லாருக்கும் வணக்கம். வானொலிக்கு வந்து கப்பலைப் பத்திக் கொஞ்சம் கதைங்க எண்டு தம்பிமார் கேட்டாங்க, நான் நினைச்சன் கப்பல் வேலைக்கு எப்படிப் போற எண்டு சொல்லச் சொல்றாங்களாக்கும் எண்டு, பாத்தா அது இல்லயாம், பயணியாப் போற நம்மட ஆக்களுக்குச் சொல்லுங்க எண்டாங்க. சரிதான். இப்ப கல்லடி, ஆரையம்பதி, கல்முனை, காரைதீவு எங்க எடுத்தாலும் கனடாவிலயோ லண்டன்லயோ இருக்கிற புள்ளைகள் அம்மா அப்பாவைக் கூப்பிட்டு ரெண்டு மாசம் வெச்சிருந்து, அதுக்குள்ள ஒரு கிழமை குரூஸும் கூட்டிக்கொண்டு போறாங்க. இஞ்சால 2023ல சென்னையில வெளிக்கிட்ட சொகுசுக் கப்பலும் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை எண்டு வந்து போன.

நான் பயணிகள் கப்பல்ல பெரிய சாப்பாட்டு அறையில வெயிட்டரா நின்டவன். கப்பல் எஞ்சின் எப்படி ஓடுது எண்டு கேட்டா எனக்குத் தெரியா, ஆனா எந்த மேசையில ஆர் என்ன சாப்பிடாம எழும்பிப் போறாங்க எண்டு நல்லாத் தெரியும்.

ஒருக்கா மத்தியதரைக் கடல் பயணம், என்ட மேசையில நாலு பேர், அம்மா, அப்பா, மகள், மருமகன். நான் இந்தியாக்காரர் ஆக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு இங்கிலிசில கதைச்சிட்டுத் திரிஞ்சன். அந்த அம்மா முதல் நாள் இரவு ஒரு பாண் துண்டு, ரெண்டு துண்டு பழம், அவ்வளவுதான். ரெண்டாம் நாளும் அப்படி. மூணாம் நாள் நான் கோப்பையை எடுக்கக் குனியக்குள்ள அப்பா மெல்லமாச் சொல்றார், "என்னகா, இண்டைக்கும் ஒண்டும் திங்காம இரிக்கிறாய்?" எண்டு. அந்த "கா"வைக் கேட்ட உடனே எனக்குக் கையில கிடந்த கோப்பை விழாதது பெரிய விசயம். "அம்மா, மட்டக்களப்பா?" எண்டன். அவ என்ட முகத்தைப் பாத்தா, "நீ நம்மட புள்ளையா மனே" எண்டா, கண் கலங்கிட்டு. மறுகாதான் கதை வந்த, மெனுவில இருக்கிற பேர் ஒண்டும் விளங்கல்லயாம், கேட்டா வேற கொண்டு வருவாங்களாம்தான், ஆனா அதுக்குத் தனிக் காசு எடுப்பாங்களோ எண்டு பயமாம், மருமகன்ட காசுதானே மனே எண்டா. மகளுக்குத் தெரியா, அம்மாக்குப் பசி இல்ல எண்டுதான் நினைச்சிருக்கா.

அதால முதல்ல சாப்பாட்டுக் காசைச் சொல்றன். கப்பல் டிக்கட்டுக்குள்ளேயே பெரிய சாப்பாட்டு அறையும் பஃபேயும் அடங்கும், தண்ணி, தேத்தண்ணி, கோப்பி அதுகளும் அனேகமா அடங்கும். அந்த அறையில ஒரு சாப்பாடு புடிக்கல்ல எண்டா திருப்பி அனுப்பிட்டு வேற கேக்கலாம், முன் சாப்பாடு ரெண்டு எடுக்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க. சில கப்பல்ல மூணாவது பெரிய சாப்பாட்டுக்கும் லொப்ஸ்டர் மாதிரிச் சாமானுக்கும் மட்டும் காசு, அது மெனுவிலயே போட்டிருக்கும். தனிக் காசு எண்டுறது சோடா, மதுபானம், பேர் போன ஸ்பெஷல் ரெஸ்டூரண்ட், இதுகளுக்குத்தான். கப்பலுக்குள்ள கையில காசு புழங்காது, அறைச் சாவியா இருக்கிற கார்ட்டத்தான் காட்டுற, அது புள்ளைகளுட கிரெடிட் கார்ட்டோட இணைஞ்சிருக்கும், அதால ஒரு கோலா எண்டு நினைச்சு எடுத்தா அதுக்கு மேல 18, 20 வீதம் சேவைக் கட்டணமும் ஏறும். டிப்ஸும் அப்படித்தான், கன அமெரிக்கக் கப்பல்ல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 டொலருக்கு மேல தானாவே பில்லுல விழும், ரெண்டு பேர் ஏழு நாள் எண்டா 224 டொலர், இதைக் கடைசி நாள் பாத்து ஆரும் நெஞ்சில கை வைக்காம இருக்கத்தான் இப்பவே சொல்றன். அந்தக் காசை வெட்டிப் போடாதீங்க, அதுதான் எங்கட சம்பளத்தில பெரிய பங்கு. இது நான் என்ட ஆக்களுக்காகச் சொல்றது, கோவிக்கக் கூடா.

சோறு கறி கிடைக்குமா எண்டுதான் எல்லாரும் கேக்கிற. கிடைக்கும், ஆனா கேக்கணும், அதுவும் முதல் நாளே கேக்கணும். குசினியில இந்தியச் சமையல்காரர் இல்லாத பெரிய கப்பல் நான் காணல்ல. இரவு சாப்பிட்டு முடிஞ்ச உடனே ஹெட் வெயிட்டரைக் கூப்பிட்டு நாளைக்கு பருப்பும் சோறும் ஒரு கோழிக் கறியும் வேணும் எண்டு சொன்னா அடுத்த நாள் வரும். நம்மட ஊர் ஆணம் மாதிரி இருக்காது, உறைப்புக் காணாது, தேங்காப்பால் கொஞ்சம் கூட, ஆனா சோறு சோறுதானே. அந்த அம்மாக்கு நாலாம் நாள் நான் கொண்டு வந்து வெச்ச, அவ கரண்டியைத் தள்ளி வெச்சிட்டு கையால குழைச்சுச் சாப்பிட்டா. கையால சாப்பிடலாமா எண்டு கன பேர் காதுக்குள்ள கேட்டிருக்காங்க, தாராளமாச் சாப்பிடுங்க, எழும்பிப் போய்க் கை கழுவுங்க, அவ்வளவுதான்.

காத்தான்குடி, அக்கரைப்பற்று, சம்மாந்துறை ஆக்கள் ஹலால் வேணும் எண்டா கப்பலுக்குள்ள வந்து கேட்டுச் சரிவராது, புக் பண்ணக்குள்ளேயே எழுத்தில கேட்டு எழுத்தில பதில் எடுங்க, சில கம்பெனி ஏற்பாடு செய்யும், சிலது ஒண்ணா எண்டு நேராச் சொல்லும். பண்டி இறைச்சி இல்ல எண்டு மட்டும் கேட்டு விட்டிராதீங்க, சூப்புல பேக்கன் தூள், சோஸுல வைன், புடிங்ல ஜெலட்டின் எண்டு தெரியாமக் கிடக்கும். சைவ ஆக்களும் அப்படித்தான், மரக்கறி சூப் எண்டு எழுதியிருக்கும், அது கோழி அவிச்ச தண்ணியில செஞ்சதா எண்டு கேளுங்க. எங்களுக்குக் கேள்வி கேட்டா அலுப்பு வராது, வேலையே அதுதான்.

இன்னொண்டு, சீனி வருத்தக்காரர். இரவுச் சாப்பாடு சில கப்பல்ல ரெண்டு தரமா நடக்கும், ஆறு மணி அளவில ஒண்டு, எட்டு எட்டரை அளவில ஒண்டு. மருந்து எடுக்கிற அம்மா அப்பாவை எட்டரைக்குப் போட்டிராதீங்க, பிந்தி வந்து நடுங்கிக்கொண்டு இருந்த ஆக்களுக்கு ஜூஸ் ஊத்திக் குடுத்திருக்கன். பஃபேக்குப் போகக்குள்ள வாசல்லயே கை கழுவுற இடம் இருக்கும், சவுக்காரம் போட்டு நல்லாக் கழுவுங்க, அந்த ஜெல்லைத் தடவிப் போட்டுப் போற போதாது, கப்பல்ல பரவுற நோரோவைரஸ் எண்டுற வயித்தோட்டக் கிருமி அதுக்கு லேசில சாகாது. அமெரிக்காவுக்குப் போற கப்பலை அந்த நாட்டு சிடிசி எண்டுற சுகாதார ஆக்கள் சொல்லாமக் கொள்ளாம ஏறி நூறுக்குப் புள்ளி போடுவாங்க, 86க்குக் கீழ போனா ஃபெயில், அண்டைக்கு எங்களுக்கு ஓஎல் எக்ஸாம் மாதிரி.

உடுப்புக்கு வருவம். ஏழு நாள் பயணம் எண்டா அனேகமா ஒண்டு ரெண்டு இரவு ஃபோர்மல் நைட் எண்டு வைப்பாங்க, வெள்ளைக்காரர் கோட்டும் டையும் நீளக் கவுணுமா வருவாங்க. அதுக்காகப் புதுக் கோட் தைக்க ஓடாதீங்க. பொம்புளைகள் சீலை உடுத்தா அதுக்கு மேல ஃபோர்மல் இல்ல, காஞ்சிபுரம் உடுத்து வந்த அம்மாமாரோட படம் எடுக்க வெள்ளைக்காரப் பொம்புளைகள் வரிசையில நிண்டதைக் கண்டிருக்கன். ஆம்புளைகளுக்கும் அந்தந்த நாட்டு உடுப்பைக் கன கப்பல்ல ஏத்துக்கொள்ளுவாங்க, பட்டு வேட்டியும் நஷனல் சேட்டும் உடுத்து ராசா மாதிரிப் போகலாம். இந்த "நாட்டு உடுப்பு" கதையை மறக்காதீங்க, கடைசியில ஒண்டு இருக்கு. அரைக் களிசான், பெனியன், குளிக்கிற உடுப்பு, பாத்றூம் சிலிப்பர், இதுகளோட இரவுச் சாப்பாட்டு அறைக்கு வந்தா வாசல்ல மறிப்பாங்க, பஃபேக்கு எண்டா பரவாயில்ல. ஒரு சால்வை கட்டாயம் வேணும், ஏசிக் குளிர் நம்மட ஆக்களுக்கு ஒத்துக்காது. வெளித் தளத்துக்குப் போற கதவு வாசல்படி உயரமா இருக்கும், சீலையைத் தூக்கிப் புடிச்சுக் கால் வைங்க, காத்து அடிச்சா அந்தக் கதவு இழுத்துச் சாத்துப்படும், கதவு இடுக்கில விரலைக் குடுத்திராதீங்க.

பெட்டிக்குள்ள என்ன வைக்கக் கூடா எண்டு கேட்டா, அயர்ன் பொக்ஸ், கேத்தல், ரைஸ் குக்கர் ஒண்டும் விட மாட்டாங்க. அதை விட நம்மட ஆக்கள் கொண்டு வாறது கற்பூரம், ஊதுபத்தி, சின்ன விளக்கு. கப்பல்ல நெருப்புத்தான் பெரிய பயம், வெள்ளிக்கிழமை எண்டு சொல்லி அறைக்குள்ள பத்த வெச்சா புகை மணி அடிச்சு ஆக்கள் ஓடி வருவாங்க. சாமி படத்தை வெச்சுக் கும்பிடுங்க, திருநீறு பூசுங்க, அதுக்கு ஒரு தடையும் இல்ல. பல்கனியில உடுப்புக் காயப் போடவும் ஒண்ணா, காத்தில பறந்து கீழ் அறைக்காரன்ட தலையில விழும். ஏறின உடனே ஆபத்துப் பயிற்சி ஒண்டு நடக்கும், ஏழு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல், அதுக்குப் போகாம அறைக்குள்ள படுக்காதீங்க, 2012ல இத்தாலியில கொஸ்தா கொன்கோர்தியா கவிண்டு 32 பேர் செத்தாங்க, அண்டைக்கு ஏறின கன பேருக்கு அந்தப் பயிற்சி நடக்கமுதலே கப்பல் பாறையில அடிச்சுது.

இனி இறங்குற இடம். இதிலதான் புள்ளைகளும் பிழை விடுற. கப்பல் அட்டவணையில "ரோம்" எண்டு போட்டிருக்கும், ஆனா கப்பல் நிக்கிறது சிவிட்டாவெக்கியா எண்டுற துறைமுகத்தில, அங்க இருந்து ரோம் கிட்டத்தட்ட 80 கிலோமீற்றர். "பாரிஸ்" எண்டு போட்டிருந்தா நிக்கிறது லே ஆவ்ர், அது 200 கிலோமீற்றர் அளவு. திருகோணமலையில கப்பலை விட்டிட்டு, மட்டக்களப்பு வாவியில பாட்டு மீன் கேக்கலாம் வாங்க எண்டு வெள்ளைக்காரனைக் கூட்டி வாற மாதிரித்தான், போகலாம், ஆனா திரும்பி வாற நேரத்தைக் கணக்குப் பாக்கணும். கப்பல் அஞ்சு மணிக்கு வெளிக்கிடும் எண்டா நாலரைக்கே எல்லாரும் உள்ள நிக்கணும், அந்த மணியும் கப்பல்ட மணி, கரையில இருக்கிற மணி இல்ல. ஃபோன் கரை டவரைப் புடிச்சுத் தானா நேரத்தை மாத்திப் போடும், அதால கையில பழைய மணிக்கூடு ஒண்டு கட்டிக் கப்பல் நேரத்துக்கு வெச்சிருங்க. கப்பல் ஆக்களே நடத்துற டூர்ல போய் பஸ் பிந்தினா அவங்க பொறுப்பு எடுப்பாங்க, நீங்களா டாக்ஸி புடிச்சுப் போய் பிந்தினா கப்பல் போயிடும், அடுத்த துறைமுகத்துக்கு உங்கட காசில ப்ளேன் ஏறணும். நான் மேல் தளத்தில நிண்டு பாத்திருக்கன், ரெண்டு பேர் கையில பையோட பாலத்தில ஓடி வாறாங்க, கயிறு கழட்டியாச்சு, கப்பல் ஒரு பத்துப் பாகம், அறுபது அடி அளவு, விலகிட்டுது. மேல நிக்கிற சனம் கை தட்டுது. அந்தச் சனத்தை எனக்கு அண்டைக்குப் புடிக்கவே இல்ல.

சில இடத்தில கப்பல் கரைக்கு வராது, கிராண்ட் கேமன், சந்தோரினி மாதிரி இடங்கள்ல தூர நிண்டு சின்ன வள்ளத்தில இறக்குவாங்க. நம்மட கிழவன்மாருக்கு இது புதினம் இல்ல, 1928ல மட்டக்களப்புக்கு ரயில் வரமுதல் ஸ்டீமர் கடல்ல நங்கூரம் போட்டு ஆக்களை இப்படித்தானே கரைக்கு எடுத்த. முழங்கால் வருத்தம், வீல்சேர் எண்டு இருக்கிற ஆக்கள் அந்த வள்ளத்துக்குக் கால் வைக்கிறது கஷ்டம், புக் பண்ணமுதல் எந்தெந்த இடம் அப்படி எண்டு கேட்டுப் பாருங்க. வத்திக்கான் பெரிய கோயிலுக்குள்ள தோளும் முழங்காலும் மூடணும், சீலை, சல்வாருக்குப் பிரச்சினை இல்ல, பேரப்புள்ளைகளுட அரைக் களிசானுக்குத்தான் பிரச்சினை. பார்படோஸ் மாதிரிக் கரிபியன் தீவுகள்ல ஆமிக்காரன்ட புள்ளி போட்ட துணியில சேட், தொப்பி, பை ஒண்டும் சாதாரண சனம் போடக் கூடா, சட்டம். நம்மட ஊரில இதை ஆருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்ல. கப்பல்ல இருந்து அப்பிள் ஒண்டைப் பையில போட்டுக்கொண்டு ஆஸ்திரேலியாவில இறங்கவும் வேணாம், நாய் வந்து மணந்து புடிக்கும், தண்டம் கட்டணும்.

எல்லாத்தையும் விடப் பெரிசு விசா. புள்ளைகள் கனடா பாஸ்போட்டில போவாங்க, அம்மா அப்பா கையில இருக்கிறது இலங்கைப் பாஸ்போட். பார்சிலோனாவில ஏறி துருக்கிக்கோ துனிசியாவுக்கோ போய்த் திரும்பி இத்தாலிக்கு வந்தா, ஐரோப்பாவில கன நாட்டுக்கு ஒண்டாச் செல்லுற ஷெங்கன் விசா ஒருக்கா உள்ள போறது காணாது, பலதரம் போய் வாற விசா வேணும். சில நாட்டுக்குக் கப்பலை விட்டு இறங்காட்டியும் விசா கேப்பாங்க. அது இல்லாட்டி ஏறுற வாசல்லயே நிப்பாட்டிருவாங்க, குடுத்த சல்லியும் அனேகமா வராது. டிக்கட் மலிவு எண்டு பாய்ஞ்சு எடுக்காம, ஒவ்வொரு துறைமுகமா எழுதி வெச்சு விசாவைப் பாருங்க.

மருந்தும் பாஸ்போட்டும் ஒரு மாத்து உடுப்பும் எப்பவும் கைப்பையில இருக்கட்டும். ஏறுற அண்டைக்குப் பெட்டியை வாசல்ல குடுத்தா அறைக்கு வரப் பொழுதுபட்டிரும். கடைசி இரவும் அப்படித்தான், பெட்டியை அறைக்கு வெளிய வைங்க எண்டு சொல்லுவாங்க, இரவோட இரவா எடுத்துக்கொண்டு போயிடுவாங்க, காலையில கரையிலதான் கிடைக்கும். அந்த அம்மாட வீட்டுக்காரர், நல்ல ஒழுங்கான மனிசன், சேட், களிசான், சப்பாத்து எல்லாத்தையும் மடிச்சுப் பெட்டியில போட்டு வெளிய வெச்சிட்டு சாறனோட படுத்திட்டார். காலையில எழும்பிப் பாத்தா உடுக்க ஒண்டும் இல்ல. மகள்ட புருசன்ட களிசான் இவருக்குத் தொடைக்கு மேல ஏறல்ல. கடைசியில சாறனைக் கட்டி மேல மருமகன்ட ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பெரிய சாப்பாட்டு அறை வாசல்ல வந்து நிக்கிறார், அம்மா பின்னால தலையைக் குனிஞ்சுக்கொண்டு. எங்கட மேனேஜர் சாறனைப் பாத்தார், என்னைப் பாத்தார். நான் ஓடிப்போய், "நேஷனல் ட்ரெஸ் சேர்" எண்டன். அவர் இன்னொருக்கா மேல இருந்து கீழ பாத்திட்டு, கதிரையை இழுத்து விட்டார். அப்பா சாறனை ஒதுக்கி வடிவா இருந்து, தேத்தண்ணிக்கு ரெண்டு கரண்டி சீனி எண்டார்.